முன்பக்கத்துப் புள்ளி

“உள்ளே இருக்கிறதுக்காக இல்லம்மா, வெளியே தெரியுறதுக்காகத்தான். போன் வாங்கினவன் எவனாவது அதை உடைச்சு உள்ளே எட்டிப் பார்த்திருக்கானா? முதுகைத் திருப்பிப் பார்ப்பான். பளபளன்னு இருக்கா, எத்தனை கண்ணு வச்சிருக்கு. அவ்வளவுதான். இருபது வருஷமாப் பார்த்துட்டு இருக்கேன்.”

அந்த அம்மாள் கேட்டது கழிப்பறை எந்தப் பக்கம் என்று.

“நேராப் போய் இடது கைப்பக்கம் தாயி,” என்று பக்கத்துக் கடையிலிருந்து எர்மீனியா குரல் கொடுத்தாள். “அவருகிட்ட வழி கேட்டா இப்படித்தான். அவசரத்துக்கு வந்தவங்களையும் நிக்க வச்சுப் போனைப் பத்திப் பேசுவாரு.”

இது நடந்தது போன வருஷத்துச் சந்தையில். நிக்காசியோ கிஸ்பெர்ட் அன்றைக்கு அவ்வளவு உறுதியாக இருந்தார்.

அவர் விற்பது போன்தான். ஆனால் அதில் யாரும் பேச முடியாது. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய பலகைத் துண்டு. முன்பக்கம் கறுப்புப் பூச்சு, பின்பக்கம் மினுமினுக்கிற வண்ணம், கேமராக் கண்ணுக்குப் பதில் கண்ணாடி மணிகள், போட்டுக்கொடுக்க ஒரு குட்டி அட்டைப்பெட்டி. லா பாஸ் நகரத்து அலசீத்தா சந்தையில் எல்லாச் சரக்கும் இந்த அளவுதான். வருகிற வருஷத்தில் ஒருவருக்கு எது வேண்டுமோ, அதன் குட்டியை ஜனவரி இருபத்துநாலாம் தேதி உச்சி நேரம் பன்னிரண்டு மணிக்கு வாங்கி, சாம்பிராணிப் புகை காட்டி, வீட்டில் இருக்கிற மீசைக்காரச் சாமி எக்கேக்கோவின் கழுத்தில் தொங்கவிட வேண்டும். வீடு கேட்டவருக்கு வீடு வரும், லாரி கேட்டவருக்கு லாரி வரும். ஒரே ஒரு கண்டிஷன். தனக்குத் தானே வாங்கிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் காசு கொடுத்து வாங்கித் தந்தால்தான் பலிக்கும்.

நிக்காசியோ முதலில் பஸ்ஸுக்கு வண்ணம் அடிக்கிற கொட்டகையில் இருந்தவர். கழுகும் தீயும் பனிமலையும் அவர் கையில் அப்படிப் பறக்கும். வண்ணப் புகை நெஞ்சில் இறங்கி, படி ஏறினால் விசில் அடிக்க ஆரம்பித்ததும் டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். கொட்டகையிலிருந்து வரும்போது மிச்சமிருந்த வண்ண டப்பாக்களை முதலாளி கொடுத்து அனுப்பினார். அதில் பிறந்ததுதான் இந்தப் பிழைப்பு. முதலில் குட்டி ரேடியோ, பிறகு குட்டி டி.வி., பிறகு பொத்தான் வைத்த போன், மடக்குகிற போன், கடைசியில் இந்தத் தட்டைப் போன். பஸ்ஸுக்கு அடிக்கிற வண்ணம் ஆனதால் அவர் செய்கிற போன் மாதிரி மினுங்குவது சந்தையில் வேறு எவர் கடையிலும் கிடையாது.

எர்மீனியாவின் கடையில் எல்லாம் தாள். தீப்பெட்டி அளவில் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், நிலப்பத்திரம், கல்யாணப் பத்திரம், விவாகரத்துப் பத்திரம். கடைசி இரண்டையும் சிலர் ஒரே நாளில் வாங்கிப் போவார்கள். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள் என்பதால் அவளுக்கு எழுத்தின்மேல் அபார மதிப்பு. மூன்றாம் வகுப்போடு நின்ற நிக்காசியோ, பெட்டியின்மேல் போட வேண்டிய ஜிபி, மெகாபிக்சல் எல்லாவற்றையும் கடைத்தெரு விளம்பரத்தைப் பார்த்து, பூ வரைகிற மாதிரி வரைந்துகொண்டு வருவார்.

ஒரு வருஷம் 128 என்பதை 821 என்று வரைந்துவிட்டார். அந்தப் பெட்டிகள்தான் முதலில் தீர்ந்தன.

“பார்த்தியா? ஜனங்க எண்ணைத்தான் பார்க்கிறாங்க,” என்றாள் எர்மீனியா.

“பார்த்தியா? எண்ணு ஒருத்தனுக்கும் புரியலே,” என்றார் நிக்காசியோ.

இந்தச் சண்டை இரண்டு கடைக்கும் நடுவே தொங்குகிற நீலத் தார்ப்பாய்க்கு அடியில் வருஷா வருஷம் நடக்கும். மழை கொட்டினால் இன்னும் சத்தமாக நடக்கும். ஆம்பிளைகள் வந்து நின்றதும் எத்தனை ஜிபி, பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று பலகைத் துண்டைப் பார்த்துக் கேட்பார்கள், எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நீலத்தை எடுத்துப் போவார்கள் என்பது நிக்காசியோவின் கட்சி. பொம்பளைகள் நீலத்தைக் கையில் எடுத்துவிட்டு, பெட்டியில் எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்த பிறகுதான் பையைத் திறப்பார்கள் என்பது எர்மீனியாவின் கட்சி.

ஒரு தடவை காய்கறி மார்க்கெட்டிலிருந்து ஒரு பெண் சண்டைக்கே வந்தாள். “காசெரோ, போன வருஷம் உங்ககிட்டதான் வாங்கிக் கொடுத்தாங்க. போன் வந்துச்சு, நல்லா இருக்கு. சார்ஜர் வரலையே! நீங்க சின்னதுல வைக்கலே, பெரிசுல வரலே.”

வியாபாரியை காசெரோ, அதாவது வாடிக்கைக் கடைக்காரர், என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் கைவிட முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கறுப்பு நூலைச் சுருட்டி, முனையில் மெழுகு உருட்டி வைத்து சார்ஜர் என்று கொடுக்க ஆரம்பித்தார். அவ்வளவு கவனமான மனுஷர்தான் போன வருஷம் ஒரு சோம்பேறித்தனம் செய்தார்.

போனின் முன்பக்கத்தில், கறுப்பின் உச்சியில், ஒரு சின்னப் புள்ளி உண்டு. ஆளின் முகத்தைப் பார்க்கிற கண். அதை ஊசி முனையால் வைக்க வேண்டும். அறுநூறு போனுக்கு அறுநூறு தடவை மூச்சைப் பிடிக்க வேண்டும். போன வருஷம் வைக்காமல் விட்டுவிட்டார்.

“முன்னாடி புள்ளி எங்கய்யா?” என்று எர்மீனியா கேட்டாள்.

“எவன் பார்க்கிறான்? எல்லாரும் முதுகைத்தான் பார்க்கிறான்.”

உண்மைதான், எவரும் பார்க்கவில்லை. அறுநூறும் விற்றது.

அவருக்கு ஒரே மகள், தெல்மிரா. கல்யாணமாகி சிலி நாட்டில், கடலோரத்து இக்கிக்கே ஊரில் இருக்கிறாள். டிசம்பர் தொடக்கத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்க்க நிக்காசியோவின் பெண்சாதி பசீலியா ஒரு மாசம் முன்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நிக்காசியோவால் போக முடியவில்லை. சந்தை நெருங்குகிற நேரத்தில் பலகையையும் தூரிகையையும் விட்டுவிட்டு எங்கே போவது? மார்ச்சில் சந்தை முடிந்து கடையை ஏறக்கட்டிய பிறகு போவதாகப் பேச்சு.

குழந்தைக்கு நைரா என்று பேர் வைத்தார்கள். ஐமரா பாஷையில் நைரா என்றால் கண்.

தாத்தா பேத்தியைப் பார்க்கட்டும் என்று மருமகன் ஒரு போன் வாங்கி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினான். நிக்காசியோ கையில் அதுவரை இருந்தது பொத்தான் போன். அதிலும் ஐந்தாம் நம்பர் பொத்தான் விழுந்துபோய், நம்பரில் ஐந்து வருகிறவர்களை அவர் கூப்பிடுவதே இல்லை. புதுப் போன் நீலம். பெட்டியைத் திறந்ததும் அவர் வழக்கம்போல முதுகைத் திருப்பித்தான் பார்த்தார். மூன்று கண். வெயிலில் சாய்த்தால் நீலத்துக்குள் பச்சை ஓடியது. “நல்ல பெயின்ட்டு,” என்று பெருமூச்சு விட்டார்.

புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் தெளிப்பு நடத்தாமல் தொடுவது கிடையாது. சந்தை வரிசையில் புகை போடுகிற தோன் மெலித்தோன் வந்தார். பீர் தெளித்து, இனிப்புச் சாராயம் தெளித்து, வண்ணக் காகிதப் பொட்டுகளைக் கை நிறைய அள்ளிப் போன்மேல் தூவினார். தலையிலும் தூவினார். நிக்காசியோ திரையை மட்டும் மெல்லத் துடைத்தார். ஓரங்களில் ஒட்டியிருந்த பொட்டுகளை அப்படியே விட்டார். சாமி கொடுத்ததைச் சுரண்டுவது நல்லதல்ல.

முதல் நாள் கூப்பிட்டார்கள். திரையில் பேத்தி வந்தாள்.

தலை நிறைய முடி. முகம் சிவப்பாக, வெந்த உருளைக்கிழங்கு மாதிரி சுருக்கமாக, அப்படியே அவருடைய அம்மா. கை இரண்டும் வெளியே. கால் இரண்டும் வெளியே.

“அடியே பசீலியா! பிள்ளைக்குக் குல்லா எங்கே? துணி சுத்தாம வச்சிருக்கீங்களே, குளிராதா?”

“இது இக்கிக்கேய்யா. கடல்காத்து அனலா அடிக்குது. குல்லா போட்டா பிள்ளை வெந்துரும். அதை விடு, உன் மூஞ்சியைக் காட்டு.”

“காட்டிட்டுத்தானே இருக்கேன்.”

“ஒண்ணும் தெரியலே. இருட்டு.”

மறுபக்கம் தெல்மிராவும் சொன்னாள். “ஆமா பா, குரல்தான் வருது. படம் கருப்பா இருக்கு.”

விளக்கைப் போட்டார். வாசலுக்கு வந்தார். மாடிப்படி ஏறி, நெஞ்சில் விசில் அடிக்க அடிக்க மொட்டை மாடிக்குப் போய், இல்லிமானி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நல்ல வெயிலில் நின்றார்.

“இப்போ?”

“இப்பவும் இருட்டுத்தான். நீ வாங்கின வெயிலு சரியில்லே போலிருக்கு,” என்றாள் பசீலியா.

தெல்மிரா ஒரு வழி சொன்னாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பின்பக்கத்துக் கண்ணால் பார்க்கலாம். அப்படியே செய்து, போனைத் திருப்பிப் பிடித்தார். இப்போது அவர்களுக்கு அவர் தெரிந்தார். பாதி காதும் கொஞ்சம் வானமும். ஆனால் அவருக்குப் பேத்தி தெரியவில்லை. அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது மினுமினுக்கிற நீல முதுகு.

“அய்யோ, சிரிச்சா! இப்பத்தான் சிரிச்சா! பார்த்தியா?” என்று பசீலியா கத்தினாள்.

அவர் எதைப் பார்ப்பார்? மூன்று கண்ணாடி வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரமாகத் திருப்பினார். பேத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் போனதும் எக்கேக்கோவைப் பார்த்தார். மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே, சாமியின் இடது தோளில், ஒரு குட்டிப் போன் தொங்கியது. நீலம். மூன்று கண். அவருடைய கைவேலைதான். பசீலியா போன வருஷம் உச்சி நேரத்தில் அவர் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்து, காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, அவர் பேரைச் சொல்லிப் புகை காட்டி, சொல்லாமல் கொள்ளாமல் மாட்டி வைத்திருக்கிறாள்.

திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் முழுக்கக் கறுப்பு. புள்ளி இல்லை.

குட்டிப் போனை மறுபடி சாமியின் தோளில் மாட்டினார்.

மறுநாள் எர்மீனியா சொன்னாள், “ரிப்பேர் கடையில காட்டுய்யா. அரை மணி வேலை.”

“ரிப்பேர்க்காரன் என்ன செய்வான்? நீலம் வச்சேன், நீலம் வந்துச்சு. மூணு கண்ணு வச்சேன், மூணு வந்துச்சு. முன்னாடி ஒண்ணும் வைக்கலே. கோளாறு போன்ல இல்லே எர்மீனியா. என் கையில.”

சார்ஜர் வரவில்லை என்று வந்த பெண்ணின் ஞாபகம் அவளுக்கும் இருந்தது.

குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் தெல்மிரா சொன்னாள், “பா, இப்பல்லாம் முகம் பார்த்துச் சிரிக்கிறா. அம்மாவைப் பார்த்தா சிரிக்கிறா. கீழ்வீட்டுப் பெரு நாட்டு அக்காவைப் பார்த்தா சிரிக்கிறா. நீங்க பேசினா மட்டும் திரும்பித் திரும்பித் தேடுறா, பாவம்.”

“என் கல்யாணப் போட்டோ இருக்குமே, அதைக் காட்டு.”

“காட்டினேன் பா. தின்னப் பார்த்தா.”

நிக்காசியோ சிரித்தார். ஆனால் அவருக்குப் பழைய பயம் ஒன்று இருந்தது. தெல்மிரா கைக்குழந்தையாக இருந்தபோது பஸ் வேலைக்கு சாந்தா குரூஸ் ஊருக்குப் போய் ஒரு வருஷம் கழித்துத் திரும்பினார். வாசலில் கையை நீட்டினார். இவர் மீசையைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டு அழுது பசீலியாவின் பாவாடைக்குள் புகுந்துகொண்டாள். ஒரு மாசம் கிட்டே வரவில்லை. சொந்த வீட்டில் பிடித்து வைத்த திருடன் மாதிரி ஒரு மாசம். மார்ச்சில் இக்கிக்கேயில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பேத்தி அப்படி அழக்கூடாது. அதற்குள் இந்த மீசையை அவள் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

“மீசையை எடுத்துரு,” என்றாள் எர்மீனியா.

“எடுத்தா பசீலியா அழுவா.”

இந்த வருஷம் அறுநூறு போனுக்கும் அவர் முன்பக்கத்துப் புள்ளி வைத்தார். ஊசியைத் தொட்டு, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாக. கண் பூத்துப்போனது. ஒன்றில் புள்ளி கொஞ்சம் கோணலாக விழுந்தால்கூட ஒதுக்கி வைத்துவிட்டார். யாரோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அந்தக் கோணல் வழியாக எதைப் பார்க்கப் போகிறதோ.

புள்ளி வைத்தாகிவிட்டது. இனி ஒருவர் அதை வாங்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவள் இக்கிக்கேயில் இருக்கிறாள். வேறு யாரிடம் கேட்பது? கேட்டு வாங்கினால் அது கொடுத்தது ஆகுமா? இருபத்துநாலாம் தேதி காலையிலிருந்து மனுஷருக்கு இதே யோசனை. வாய்விட்டுச் சொல்ல வெட்கம்.

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது சந்தையில் நெரிசல் தாங்கவில்லை. மழை விட்டுவிட்டு வெயில் அடித்தது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. பத்திரம் வாங்க எர்மீனியா கடையில் நாலு வரிசை. வருஷத்திலேயே அவளுக்குப் பெரிய வியாபாரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

மாதா கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. எர்மீனியா கல்லாவை மூடினாள். “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், பட்டம் எங்கேயும் ஓடிப் போகாது,” என்று ஜனங்களை விலக்கிக்கொண்டு, சுற்றி நடந்து, நிக்காசியோ கடையின் முன்பக்கம் வந்து, வாடிக்கைக்காரி மாதிரி நின்றாள்.

“காசெரோ, போன் இருக்கா?”

“என்ன விளையாட்டு இது? போய் உன் கடையைப் பாரு.”

“மணி அடிக்குதுய்யா, சீக்கிரம். போன் இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“பின்னாடி எத்தனை கண்ணு?”

“மூணு.”

“முன்னாடி?”

“ஒண்ணு.”

“தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு பக்கமும் தெரியணும். அவங்களுக்கும் இவங்களுக்கும். அதைச் சொல்லு.”

“ரெண்டு பக்கமும் தெரியும்,” என்றார் நிக்காசியோ.

அவர் கை தானாக நீலத்தின் பக்கம் போனது. எர்மீனியா அதைத் தட்டிவிட்டாள். மூலையில் ஒரு சாம்பல் நிறம் கிடந்தது. வண்ணம் தீர்ந்துபோனபோது மிச்சத்தையெல்லாம் கலந்து அடித்தது. எவரும் தொடாதது. அதை எடுத்து முன்பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். புள்ளி நட்டநடுவில் இருந்தது.

“இது.”

“அய்யே, அதையா? பார்க்கச் சகிக்கலையே!”

“பார்க்கிறதுக்கா வாங்குறேன்?”

பணத்தை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ள மறுத்ததும், “ஓசியில கொடுத்தா பலிக்காதுய்யா,” என்று அதட்டிக் கையில் திணித்தாள். வாங்கிய பெட்டியை அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். “இந்தா. உனக்கு.” கடைசி மணி அடித்து முடிப்பதற்குள் தன் கடைக்கு ஓடிவிட்டாள். அங்கே ஒருவர் தன் பட்டத்துக்காகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்.

தோன் மெலித்தோன் வரிசையில் நிக்காசியோவும் நின்று, சாம்பல் போனுக்குப் புகை காட்டிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்குக் கூட்டம் குறைந்தது. இக்கிக்கேயிலிருந்து அழைப்பு வந்தது. நிக்காசியோ சீப்பை எடுத்து மீசையைச் சீவினார். தொப்பியைச் சரி செய்தார். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்துப் பிடித்தார். பேத்தி வந்தாள், பசீலியாவின் மடியில், வெறும் காலோடு.

“தெரியுதா?”

“இருட்டு,” என்றாள் பசீலியா.

“கொஞ்ச நேரம் ஆகும். இப்பத்தானே புகை போட்டது.”

“கொடு இங்கே,” என்று எர்மீனியா போனைப் பிடுங்கினாள். இத்தனை நாளாக அதை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலேயும் கீழேயும் பார்த்தாள். திரையின் உச்சியில், கறுப்பு ஓரத்தில், அவள் விரல் நின்றது.

“யோவ். இது என்னது?”

“எது?”

“இந்தக் கத்திரிப்பூ கலர் பொட்டு.”

“அதுவா? தெளிப்பு அன்னைக்கு ஒட்டினது. தொடாதே! சாமி கொடுத்தது.”

எர்மீனியா சிரிக்க ஆரம்பித்தாள். தார்ப்பாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஒன்றரை மாசமா... சாமி கண்ணைப் பொத்திட்டு இருக்கு... இவரு மொட்டை மாடிக்கு ஏறி...”

அவருக்கும் புரிந்தது. புரிந்ததும் இன்னும் பயம் வந்துவிட்டது. “சுரண்டாதே எர்மீனியா! தெளிப்புப் பொட்டைச் சுரண்டினா நல்லதில்லே. போனே போயிரும்.”

“சுரண்டலேன்னா உன் பேத்தி உன் கல்யாணப் போட்டோவைத் தின்னுட்டே இருப்பா.”

“யாருய்யா சிரிக்கிறது அங்கே?” என்று போனுக்குள் பசீலியா.

எதிர் வரிசையில் தோன் மெலித்தோன் அப்போதுதான் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவித்த சோளம், மொச்சை, உருளைக்கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி. காலையிலிருந்து புகையில் நின்றவர், நல்ல பசி. இரண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்கள். அவர் மொச்சையின் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். மென்று விழுங்குகிற வரைக்கும் இவர்களை நிற்க வைத்தார்.

“தூக்கிப் போடக்கூடாது,” என்றார்.

“பார்த்தியா!” என்றார் நிக்காசியோ.

“இடம் மாத்தலாம்,” என்று அடுத்த மொச்சையை எடுத்துக்கொண்டார் தோன் மெலித்தோன்.

எர்மீனியா நகத்தை நுழைத்தாள். இனிப்புச் சாராயம் கெட்டியாகப் பிடித்திருந்தது. மெல்ல நெம்பினாள். பொட்டு முழுசாக வந்தது. நிக்காசியோ அதைக் கீழே விழாமல் விரல் நுனியில் வாங்கி, நாக்கில் தொட்டு, போனைத் திருப்பி, பின்பக்கத்து மூன்று கண்ணுக்கும் கீழே ஒட்டினார்.

“பா!” என்று போனுக்குள் தெல்மிரா கத்தினாள். “வானம் தெரியுது! தார்ப்பாய் தெரியுது! திருப்புங்க, திருப்புங்க!”

திருப்பினார்.

பேத்தி பார்த்தாள். முதலில் தொப்பி. பிறகு கீழே. மீசைக்கு வந்ததும் பார்வை நின்றுவிட்டது. நெற்றி சுருங்கியது. கீழுதடு பிதுங்கியது. நிக்காசியோவுக்கு அந்த உதடு தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் வாசலில் பார்த்த அதே உதடு. மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடவில்லை. ஊசி முனையில் புள்ளி வைக்கிற மாதிரி அசையாமல் இருந்தார்.

ஆனால் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது? நெஞ்சு விசில் அடித்தது. விசிலோடு மீசை ஒரு பக்கம் துடித்தது.

பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. பேத்தி அழ மறந்துபோனாள். மறுபடி செய் என்கிற மாதிரி பார்த்தாள். அவர் மறுபடி மீசையைத் துடிக்க வைத்தார், இந்தத் தடவை வேண்டுமென்றே. பல்லில்லாத வாய் ஒரு ஓரத்தில் விரிந்து, மெல்ல மெல்ல முகம் பூராவும் பரவியது.

“சிரிச்சா,” என்றார் நிக்காசியோ.

“எங்களுக்கும் தெரியும்யா, இங்கேதானே இருக்கோம்,” என்றாள் பசீலியா. பிறகு, “நீ ஏன்யா அழுவுறே?” என்றாள். முதல் தடவையாக அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் போனுக்குள் தலையை நுழைத்து, குல்லா போடவில்லையே என்று ஆளுக்கொரு தரம் கேட்ட பிறகுதான் பேச்சு முடிந்தது.

“கவனிச்சியா?” என்றார் நிக்காசியோ, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “உச்சி நேரத்துல புள்ளி வச்ச போனைக் கொடுத்தே. நாலு மணிக்குள்ளே கண்ணு திறந்துருச்சு.”

“கண்ணைத் திறந்தது என் நகம்யா.”

“உன் நகத்தை யாரு அனுப்பினா?”

எர்மீனியா தன் கடைக்கு ஓடினாள். கல்யாணப் பத்திரம் கேட்டு ஒரு ஜோடி வந்து நின்றிருந்தது.

சாம்பல் போன் இப்போது எக்கேக்கோவின் வலது தோளில் தொங்குகிறது. நிஜப் போன் தினமும் காலையும் மாலையும் கடையில் பேசுகிறது. பேசும்போது அதன் முதுகு வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். மூன்று கண், அதன் கீழே கத்திரிப்பூ நிறத்தில் நாலாவது. மூன்றாம் நாளே ஒரு மாணவன் வந்து, அந்த நாலு கண் மாடல் இருக்கிறதா என்று கேட்டான். அடுத்த நாள் இரண்டு பேர். நிக்காசியோ எர்மீனியாவின் பக்கம் திரும்பிப் பார்க்காமல், மிச்சமிருந்த போன்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கத்திரிப்பூப் பொட்டு வைக்க உட்கார்ந்துவிட்டார்.

இன்று காலை ஒரு இளம்பெண் அப்படி ஒன்றைக் கையில் எடுத்தாள். பெட்டியை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். முன்பக்கத்தைத் திருப்பிப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பின்பக்கத்தைக் காட்டி, “காசெரோ, இந்த நாலாவது கண்ணு எதுக்கு? பெட்டியில போடலையே,” என்றாள். பக்கத்துக் கடையில் எர்மீனியா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

“அது ஒண்ணையும் பார்க்காது தாயி,” என்றார் நிக்காசியோ. “சும்மா அழகுக்குத்தான்.”